மதாம் தார்போவின் நீலப் பெட்டி

துப்பறிகிறவன் கையில் துப்பாக்கி இருக்கலாம், பூதக்கண்ணாடி இருக்கலாம். நிஷாந்தனின் கையில் இருந்தது தரை துடைக்கும் மாப். இன்னொரு கையில் சிவப்பு வாளி.

"அக்கா, ஒருக்காவாவது உந்த வாளியை வண்டிக்குள்ள விட்டிட்டு வருவமே? ஆக்கள் என்னைக் கண்ட உடனை பாத்ரூம் எங்கை எண்டு காட்டுகினம்."

"வாளியப் பாத்துத்தான் கதவத் தொறக்குறாஹ. பேசாம வா" என்றாள் ஜுலைஹா பீவி.

ஐம்பதைத் தாண்டிய கீழக்கரைக்காரி. வளைகுடா நகரமான மனாமாவில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறேன் என்று போய் நின்றால் யார் லைசென்ஸ் கொடுப்பார்கள்? அதனால் குதைபியாவில் அவள் கடைக்கு மேலே தொங்கிய போர்டு, 'ஜுலைஹா கிளீனிங் சர்வீஸ்' என்று பவ்யமாகச் சொன்னது. வேலை தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தமும் தெரியும். யாழ்ப்பாணத்தில் கணக்கியல் படித்துவிட்டு, இங்கே ஒரு கம்பெனி மூடிப்போனதில் நடுத்தெருவில் நின்ற நிஷாந்தனை அவள் சேர்த்துக்கொண்டது மூளைக்காகவா, வாளி தூக்கவா என்பது இன்றுவரை தீராத விவகாரம். மூளைக்காகத்தான் என்பது நிஷாந்தனின் கட்சி.

நகரின் அத்லியாப் பகுதியில் மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறந்தவன் ஒலிவியே. மெல்லிய சட்டை, கலைந்த தலை, தூங்காத கண். ஆங்கிலத்தில் படபடவென்று கொட்டினான்.

அவனுடைய அத்தை மிரேய் தார்போ பிரான்சில் புகழ்பெற்ற நாவலாசிரியை. பதினோரு நாவல்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துறைமுக ஊரில் போய்க் குடியிருந்து எழுதுவது அவருடைய வழக்கம். கம்ப்யூட்டர் கிடையாது. மைப்பேனாவால் கையெழுத்துப் பிரதி, அதுவும் ஒன்றே ஒன்று. புத்தகம் அச்சானதும் அந்தப் பிரதியை அடுப்பில் போட்டுவிடுவார். பன்னிரண்டாவது நாவலுக்குத்தான் மனாமாவுக்கு வந்திருந்தார். எழுதியதெல்லாம் ஒரு நீலத் தோல் பெட்டியில், அலமாரிக்குள் இருந்தது.

"இருந்தது" என்றான் ஒலிவியே மறுபடியும், குரல் கம்ம. "இன்று காலை பார்த்தால் பெட்டியோடு காணோம். பாரிஸிலிருந்து பதிப்பாளர் கிளம்பியாயிற்று. வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், அத்தை, வேலைக்காரி. வேலைக்காரி இன்று மாலை விமானத்தில் இலங்கைக்குப் போகிறாள். அவளுடைய பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். மாட்டேன் என்கிறாள். இதற்குமேல் என்ன வேண்டும்?"

"அவங்க பாஸ்போர்ட் எங்க?" என்று ஜுலைஹா கேட்டாள்.

ஒலிவியே தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். கொஞ்சம் வெட்கமும் பட்டான். ஆனால் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்கவில்லை. விமானத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்துக்குள் பெட்டி கிடைக்காவிட்டால் போலீஸுக்குப் போவதாகச் சொன்னான்.

ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் மதாம் தார்போ உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். வெள்ளை வெளேரென்று முழுக்கைச் சட்டை. பறிகொடுத்தவருக்கு உரிய முகத்தோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஒலிவியேயின் அழைப்பு வந்ததுமே, போனில் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிட்டு வரும்படி ஜுலைஹா உத்தரவு போட்டிருந்ததால், நிஷாந்தனுக்கு இப்போது அவரைப் பற்றி எல்லாம் தெரியும். அதாவது, கணவர்களைப் பற்றிய அத்தியாயங்களை மட்டும் ஊன்றிப் படித்திருந்தான். மற்றதெல்லாம் விரல் தள்ளிய வேகத்தில் ஓடிப்போயின.

"அக்கா, இந்த மனிசி மூண்டு புருஷன்மாரைக் கட்டி, மூண்டு பேரையும் நாவலாக்கிப் போட்டா" என்று அவன் தமிழில் முணுமுணுத்தான். "இப்ப வீட்டிலை மிஞ்சி நிக்கிறது மருமகன்தான். பன்னிரண்டாவது இவன்ரை கதையாத்தான் இருக்கும். பாவம், அதுக்குத்தான் தேடுறான்."

மதாம் தார்போவுக்குப் புரையேறியது. ஒலிவியே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். ஜுலைஹா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுக்களைப் பக்கம் நடந்தாள்.

*

திருடி என்ற பட்டம் வாங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் ராசம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தான் போன பிறகு மேடத்துக்கு இரண்டு நாளைக்காவது குழம்பு வேண்டாமா என்பது அவள் கவலை. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கண் சிவந்திருந்தது. பழியை வெங்காயத்தின் மேல் போட வசதியாகத்தான் அதை உரிக்கிறாளோ என்று நிஷாந்தனுக்குத் தோன்றியது.

"அந்த நீலப் பெட்டியப் பாத்திருக்கேங்க. தூசு தட்டக்கூடத் தொடக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க. தொட்டதில்ல."

"ஒங்க பெட்டிய ஒரு தடவ தொறந்து காட்டிப்புட்டா முடிஞ்சிரும்ல?" என்றாள் ஜுலைஹா.

"எம் பெட்டியா இருந்தாத் தொறந்துருவேங்க. உள்ள இருக்கறது எல்லாம் ஊருக்குக் குடுத்துவிட்ட சாமான். புள்ளைக்கு, பொண்டாட்டிக்கு, அம்மாவுக்குன்னு ஆளாளுக்குக் கட்டிக் குடுத்திருக்காங்க. அதக் கத்தி வச்சுக் கிழிப்பேன்னு அந்த ஐயா நிக்கிறாரு. நம்பிக் குடுத்தவங்க மொகத்துல நான் எப்படிங்க முழிக்கிறது?"

நிஷாந்தனுக்கு இது விளங்கியது. வளைகுடாவில் லீவில் போகிறவன் ஒரு ஆள் அல்ல, ஒரு தபால் நிலையம். யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும், உள்ளே என்ன என்று கேட்கக்கூடாது, கட்டைப் பிரிக்கக்கூடாது. இது ஒலிவியேவுக்கு எப்படி விளங்கும்? மறைக்கிறாள் என்றால் திருடியிருக்கிறாள் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த கணக்கு.

"சரி, கட்டிக் குடுத்தவங்களே வந்து அவங்கவங்க சாமான எடுத்துக்கிட்டா?"

ராசம்மா யோசித்தாள். "அதுல தப்பில்லைங்க. கார்ட்டன் சாதிக் பாய் கடையில இருக்கு."

"ஊருல என்னா விசேஷம்? திடீர்னு லீவு போட்டிருக்கீங்க?"

ராசம்மா வெங்காயத்தோடு வெங்காயமாகக் குனிந்துகொண்டாள். "கல்யாணங்க."

"மகளுக்கோ?" என்றான் நிஷாந்தன்.

"எனக்குத்தாங்க." அவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். காது வரைக்கும் சிவந்துவிட்டாள். "தேயில பேக்டரில லொறி ஓட்டுறாரு. அவருக்கும் யாருமில்ல, எனக்கும் யாருமில்ல. ஞாயித்துக்கெழம கோயில்ல வச்சிருக்கோம். இங்க மேடத்துக்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். இந்த வயசுல என்ன கல்யாணம்னு சிரிப்பாங்கள்ல?"

நிஷாந்தன் சிரிக்கவில்லை. இன்று மாலை இவள் விமானம் ஏறாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு லொறிக்காரர் மாலையோடு கோயில் வாசலில் நிற்பார். இவள் காவல் நிலையத்தில் நிற்பாள்.

ஜுலைஹா மட்டும் சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டாள். "மேடம் துணியெல்லாம் நீங்கதான் தொவைக்கிறீங்களோ?"

"மெஷின்ல போடவிட மாட்டாங்க. கையாலதான்."

"எந்தக் கற ரொம்பப் படுத்தும்?"

"மாம்பழச் சாறுங்க. அப்புறம் மீன் கொழம்பு. அந்த ஐயாவுக்குக் காப்பிக் கற."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லைங்க."

இவ்வளவு முக்கியமான நேரத்தில் அக்கா சலவைத்தூள் விளம்பரத்துக்கு ஏன் பேட்டி எடுக்கிறாள் என்று நிஷாந்தனுக்கு எரிச்சலாக வந்தது.

*

வேனில் ஏறியதும் ஜுலைஹா, "படிச்சத ஒப்பி" என்றாள்.

நிஷாந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பிறந்தது ஒரு சின்னத் துறைமுகம். தகப்பன் விளக்கெண்ணெய்க் கடை. முதல் புருஷன் மாலுமி. ரெண்டாவது பல் டாக்குத்தர். மூண்டாவது—"

"புருஷன வுடு. கதையச் சொல்லு."

"நாலாவது நாவல்தான் நல்ல பேர் எடுத்ததாம். ஒரு மணிக்கூடு செய்யிற கிழவன். ராசாவுக்கு ஒரு பெரிய மணிக்கூடு செய்து தாறன் எண்டு சொல்லிப்போட்டான். கை நடுங்குது, ஏலாமப் போச்சு. அதைச் சொல்ல வெக்கம். வெறும் கூட்டைப் பெட்டியிலை அடைச்சுக் கப்பலிலை ஏத்திப்போட்டு, கப்பல் தாழவேணும் எண்டு தினமும் கோயிலுக்குப் போய்க் கும்பிடுறான். விசர்க் கிழவன்!" சிரித்துவிட்டுப் போனை நீட்டினான். "இஞ்சை பாருங்கோ, படங்கள். அம்பது வருஷமா ஒரே மாதிரி நிக்கிறா."

ஜுலைஹா ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தாள். இளம் வயதில் ஒன்று, விருது வாங்கும்போது ஒன்று, ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் வெள்ளைச் சட்டை. எல்லாவற்றிலும் இடதுகை மணிக்கட்டில், சட்டை விளிம்பில், கறுப்பாக ஒரு தீற்றல்.

"பீச்சாங்கைப் பழக்கம்" என்றாள் மெதுவாக. "எழுதிக்கிட்டே போவும்போது ஈர மையிலயே கை ஒரசிக்கிட்டுப் போவுது."

"அதுக்கென்ன அக்கா?"

"ஒண்ணுமில்ல. ஒனக்குப் பசிக்குதான்னு யோசிச்சேன்." சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். அவள் இப்படிப் பேச்சை மாற்றினால் ஏதோ ஒன்று அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். நிஷாந்தனுக்கு அகப்படவில்லை. ஆனால் பசித்தது.

*

ஜும்ஆ தொழுகை முடிந்த நேரம். குதைபியாத் தெருவெல்லாம் பிரியாணி வாசம். வாரத்தில் ஒருநாள் கிடைக்கும் விடுமுறையை எப்படிச் செலவழிப்பது என்று தெரியாத ஆண்கள் கூட்டம் முடிவெட்டும் கடை வாசல்களில் நின்றது. சாதிக் பாட்ஷாவின் மளிகைக் கடை அப்போதுதான் பாதி ஷட்டரைத் தூக்கியிருந்தது. ஊருக்குப் போகிறவர்களின் பெட்டிகளைக் கட்டுவதும் நிறுப்பதும் அவருடைய கடையில்தான். ராசம்மாவின் கார்ட்டன் ஒரு மூலையில் நைலான் கயிற்றால் கட்டப்பட்டு, எல்லாப் பக்கத்திலும் பெயர் எழுதப்பட்டு உட்கார்ந்திருந்தது. அதன் மேல் சாதிக் பாட்ஷா உட்கார்ந்திருந்தார்.

"ஜுலைஹா லாத்தா, ஒங்களுக்காக உசுரக் குடுப்பேன். பெட்டியக் குடுக்க மாட்டேன். அமானிதம். நம்பி ஒப்படைச்ச பொருளு."

"யாரு கேட்டா? ராசம்மா சம்மதிச்சிருச்சு, போனப் போட்டுக் கேளுங்க. குடுத்தவங்க ஒவ்வொருத்தரையும் வரச் சொல்லுங்க காக்கா. அவங்கவங்க சாமான அவங்கவங்களே எடுத்துக்கட்டும். யாரும் யாரு கட்டையும் பிரிக்க வேணாம். கடைசியா கேக்க ஆளில்லாம என்னா நிக்கிதுன்னு பாப்போம்."

சாதிக் பாட்ஷா போன் போட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டார். அவர் முகம் மலர்ந்தது. கத்தி வைக்காமல் பெட்டியைத் திறக்க இப்படி ஒரு வழி இருப்பது அவருக்கே தோன்றாமல் போய்விட்டது. அக்கம்பக்கத்து அறைகளுக்குச் செய்தி பறந்தது. கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் கூட்டம். கண்டிக்காரர் ராஜிக் தூக்கக் கலக்கத்தோடு வந்தார். அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் சுகந்தா பாதி மருதாணியோடு வந்தாள். கயிறு அவிழ்ந்தது.

ஒவ்வொருவராக வந்து தங்கள் பொட்டலத்தைத் தாங்களே எடுத்தார்கள். எல்லாம் நம்முடைய ஆட்கள் கட்டிய பொட்டலங்கள். பழுப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் நம்பிக்கை வராது, இன்னொரு சுற்று, குறுக்கே ஒன்று, மூலைக்கு ஒன்று, பிறகு மனம் கேட்காமல் மறுபடியும் ஒன்று. கடலில் போட்டாலும் நனையாது. அதன் மேல் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் தடித்த மார்க்கரில். ராஜிக் தன் பொட்டலத்தைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டார்.

கடைசியில் அடியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, 'ராசம்மா' என்றே எழுதி, டேப்பில் மூழ்கிய மெத்தென்ற பொட்டலம். கல்யாணப் புடவை என்பது தொட்டாலே தெரிந்தது. மற்றது கனமாக, சதுரமாக, பூப்போட்ட காகிதத்தில் ரோஸ் ரிப்பன் கட்டி இருந்தது. பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

நிஷாந்தன் அதைத் தூக்கினான். காகிதத்தின் ஒரு மூலை கிழிந்திருந்தது. உள்ளே நீலத் தோல்.

"அக்கா..." ராசம்மா திருடியிருக்கக் கூடாது என்று அவன் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. "கடைசியிலை அவதான் எடுத்திருக்கிறா."

ஜுலைஹா ராசம்மாவைப் போனில் பிடித்தாள். "ரோஸ் ரிப்பன் கட்டுன பொட்டலம் ஒண்ணு கெடக்கு. யாருது?"

"சொல்ல மாட்டேங்க. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"சொல்லலன்னா ஒங்கள உள்ள வச்சிருவாஹ."

"தெரியுங்க" என்றது குரல். போன் வைக்கப்பட்டது.

நிஷாந்தன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஜுலைஹாவோ பிரியாணிப் பாத்திரத்தைப் பார்த்தவள் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கணக்குப் படிச்சவன்தானே? டேப்ப எண்ணு."

நிஷாந்தன் பார்த்தான். பூக்காகிதம் ஒரே ஒரு சின்னத் துண்டு டேப்பில் நின்றது. மூலைகள் அழகாக மடிக்கப்பட்டிருந்தன.

"நம்ம ஆளு எவனாச்சும் டேப்ப இப்படிச் சிக்கனமா ஒட்டுவானா? ராசம்மா தன் பொடவைக்கே எத்தன சுத்துச் சுத்தியிருக்கு பாரு. திருடுன சாமானா இருந்தா இன்னும் பத்துச் சுத்துச் சுத்தியிருக்கும். இதக் கட்டுனவங்க நம்ம ஊருக்காரவுஹ இல்ல. பொறந்தநாளுக்குப் பரிசு கட்டிப் பழகுன கை."

"ஒலிவியேயோ?"

"அவனுக்குச் சட்டைப் பொத்தானே ஒழுங்காப் போடத் தெரியல."

பொட்டலங்கள் மறுபடியும் கார்ட்டனுக்குள் போயின. ரிப்பன் பொட்டலம் வெளியே நின்றதால் எடையில் இடம் மிஞ்சியதை ராஜிக் நொடியில் கண்டுபிடித்து, ஒரு பால்மாவு டின்னை உள்ளே தள்ளினார். சுகந்தா ஷாம்பு போத்தல்களோடு ஓடி வந்தாள். சாதிக் பாட்ஷா தராசைப் பார்த்து, "கலாஸ், முடிஞ்சு போச்சு! இனிமே ஒரு ஊசிகூட மாஃபி, கெடையாது!" என்று கத்தி, கயிற்றை இறுக்கினார்.

*

அத்லியா வீட்டின் லிஃப்ட் மதியத்திலிருந்து வேலை செய்யவில்லை. ராசம்மாவின் பெட்டியையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று ஒலிவியே போனில் அடம்பிடித்ததால், நிஷாந்தன் அந்தக் கார்ட்டனை மூன்று மாடி சுமந்தான். ஒவ்வொரு படியிலும் பிரெஞ்சு இலக்கியத்தைத் திட்டினான்.

ஜுலைஹா ரிப்பன் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். ஒலிவியே நீல மூலையைப் பார்த்துவிட்டுப் பாய்ந்தான். அவள் கையால் மறித்தாள்.

"பொறுங்க. இது திருடுபோகல" என்றாள் ஆங்கிலத்தில். "உங்க அத்தை நாலாவது நாவல்ல ஒரு கடிகாரம் செய்றவர் வெறும் கூட்டைக் கப்பல்ல அனுப்புறார், இல்லையா? எழுதுறவங்க புதுசா ஒரு பொய் சொல்லணும்னா, பழைய கதையிலிருந்துதான் எடுப்பாங்க போல."

ஒலிவியே விழித்தான். நிஷாந்தனும் விழித்தான். கப்பல் தாழ வேண்டும் என்று கும்பிட்ட கிழவன் இப்போது அவன் கண்முன்னால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"அம்பது வருஷமா இவங்க சட்டைக் கையில மை இல்லாம ஒரு போட்டோ கிடையாது. இந்த ஊர்ல இவங்க துணியைத் துவைச்சவங்களுக்கு மாம்பழக் கறை தெரியும், மீன் குழம்புக் கறை தெரியும். மைக் கறை தெரியாது. நாவல் எழுதினவங்க சட்டை எப்படி வெள்ளையா இருக்கும்? ஒரு கத்தரிக்கோல் கொண்டாங்க."

"வேண்டாம்."

சொன்னது ராசம்மா அல்ல. அடுக்களை வாசலில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். சொன்னவர் மதாம் தார்போ. அதுவும் சுத்தமான தமிழில்.

நிஷாந்தன் கார்ட்டன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"பாண்டிச்சேரியில் ரெண்டு வருஷம் இருந்தேன். ஏழாவது நாவல்" என்றார் மதாம். அவன் விரலால் தள்ளிய அத்தியாயம். "அப்புறம், தம்பி, மூணு புருஷன் இல்லை. நாலு. ஒருத்தரைப் பத்தி எழுதலை. அவர் ரொம்ப நல்லவர், கதைக்கு உதவலை."

"மேடத்துக்குத் தமிழ் தெரியுமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!" என்று நிஷாந்தன் ராசம்மாவிடம் அலறினான்.

"நீங்க கேக்கவே இல்லைங்களே" என்றாள் ராசம்மா.

மதாம் தாமே ரிப்பனை அவிழ்த்தார். நீலப் பெட்டியைத் திறந்தார். மேல் தாளில் தலைப்பு மட்டும் இருந்தது. அதற்குக் கீழே அடுக்கடுக்காக வெள்ளைத் தாள்கள். ஒலிவியே ஒவ்வொன்றாகப் புரட்டினான், ஏதாவது ஒன்றிலாவது ஒரு வரி இருக்காதா என்று. கடைசித் தாள்வரை பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"ரொம்ப நாளா ஒரு வரிகூட வரலை" என்றார் மதாம். முதலில் பிரெஞ்சில் அவனிடம், பிறகு தமிழில் மற்றவர்களிடம். "நீ உலகம் முழுக்கச் சொல்லிவிட்டாய், ஒலிவியே. பெரிய நாவல், கடைசி நாவல் என்று. எனக்குப் பயம். பெட்டி காணாமல் போனால் நல்லது என்று நினைத்தேன். ராசம்மா ஊருக்குப் போகிறவள். யார் எதைக் கொடுத்தாலும் பிரிக்காமல் கொண்டுபோவாள் என்று தெரியும். அடுத்த வாரம்தான் தொலைந்தது என்று சொல்ல இருந்தேன். இவன் இன்றைக்கே அலமாரியைத் திறந்துவிட்டான்."

"ராசம்மாகிட்ட என்னான்னு சொல்லிக் குடுத்தீங்க?" ஜுலைஹாவின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

மதாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ராசம்மாதான் சொன்னாள்.

"கல்யாணப் பரிசுன்னாங்க. தாலி கட்டுற வரைக்கும் பிரிக்கக் கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க." வெள்ளைத் தாள்களைப் பார்த்தாள். "எனக்கு இதுவரைக்கும் யாரும் பரிசுன்னு எதுவும் குடுத்ததில்லைங்க. ராத்திரியெல்லாம் உள்ள என்னவா இருக்கும்னு நெனச்சுக்கிட்டே படுத்திருந்தேன்."

நிஷாந்தனுக்கு ஒரு நக்கல்கூட வாயில் வரவில்லை. அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"மேடம்" என்றாள் ஜுலைஹா. "எழுதக் கை வரலன்னா அது குத்தமில்ல. அல்லாஹ் குடுத்தான், அவனே எடுத்துக்கிட்டான். காலையிலேருந்து இந்தப் பொம்பளையத் திருடின்னு சொல்லிக்கிட்டிருக்காஹ. இது ஒங்களுக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்திக்கிட்டு வாயத் தொறக்காம நிக்கிது. நீங்க பக்கத்துல ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தீங்க. அதுதான் குத்தம்."

மதாம் தார்போ தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. ஒலிவியே எழுந்து வந்து, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் ராசம்மாவிடம் நீட்டினான். அவன் ஏதோ ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான். அவள் பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"பதிப்பாளர் வரட்டும்" என்றார் மதாம். "நானே சொல்கிறேன். நாவல் இல்லை, இனிமேலும் இருக்காது என்று."

பிறகு தன் கழுத்திலிருந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றப் போனார். ராசம்மா கையைத் தூக்கித் தடுத்தாள்.

"அதெல்லாம் வேணாங்க. பிளைட்டுக்கு நேரமாச்சு. அந்தப் பக்கம் பிடிங்க."

"எதை?"

"பெட்டிய."

கீழே வேன் நிற்கிறது, லிஃப்ட் இல்லை, கார்ட்டனில் ராஜிக்கின் பால்மாவு வேறு. உதவலாம் என்று நிஷாந்தன் குனிந்தான். ஜுலைஹா அவன் காலரைப் பிடித்து நிறுத்தினாள். ஒலிவியே பதறிக்கொண்டு முன்னால் வந்தான். அவனை மதாமே கையமர்த்திவிட்டார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, பதினோரு நாவல்களின் ஆசிரியை நைலான் கயிற்றின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை ராசம்மா பிடித்தாள்.

ஒரு மாடி இறங்குவதற்குள் மதாமுக்கு மூச்சு வாங்கியது. பெட்டியைப் படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ராசம்மா, நீ திரும்பி வருவாயா?"

"வரமாட்டேங்க. திருடின்னு சொன்ன வீட்டுல மறுபடியும் வெங்காயம் உரிக்க மாட்டேன்." ராசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மதாமின் முகம் வாடியதைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். "நீங்க வேணா ஞாயித்துக்கெழம கல்யாணத்துக்கு வாங்க. ஹட்டன்ல எறங்கி கோயில் எங்கன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. அப்ப பரிசு கொண்டு வாங்க."

மதாம் வேகவேகமாகத் தலையாட்டினார்.

"ஆனா இந்தத் தடவ பிரிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்" என்று சொல்லிவிட்டு, ராசம்மா குனிந்து கயிற்றைப் பிடித்தாள்.